வெள்ளை எல்இடி ஒன்பதுக்கு ஒரே ரெசிஸ்டர் (மின்தடை) போட்டேன், கருகிவிட்டது. கணக்கில் எங்கே தவறு?

பொம்மைவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மகளுக்காக மரப்பலகையில் ஒரு பொம்மை வீடு செய்து வருகிறேன். ஒன்பது அறைகள், அறைக்கு ஒரு வெள்ளை எல்இடி, 5 மில்லிமீட்டர் வகை. வீட்டில் சும்மா கிடந்த 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

நான் போட்ட கணக்கு இது. ஒரு எல்இடிக்கு 3.2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர். ஒன்பதையும் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்தம் 180 மில்லி ஆம்பியர். (12 − 3.2) ÷ 0.18 = 48.9 ஓம். அதற்கு அருகில் இருப்பது 47 ஓம். சாதாரணமாகக் கிடைக்கும் சிறிய ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன்.

விளக்குகள் எரிந்தன. ஒரு நிமிடத்துக்குள் கருகும் வாடை வந்தது. ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகளே தெரியாத அளவுக்கு அது கறுத்துவிட்டது. ஒரு எல்இடியும் போய்விட்டது. எரிந்த நேரத்திலும் எல்லா அறைகளிலும் ஒரே வெளிச்சம் இல்லை. சமையலறை பளிச்சென்றும் மாடியறை மங்கலாகவும் இருந்தன.

ஓமின் விதியைத்தானே பயன்படுத்தினேன்? பிழை எங்கே என்று தெரியாமல் மறுபடியும் மின்சாரம் கொடுக்கப் பயமாக இருக்கிறது. மர வீடு, குழந்தை விளையாடப்போவது.

ஈயப்பற்று எழுதியது:

சகோதரி, உங்கள் ஓம் கணக்கு சரி. வாட் கணக்கைப் போடவில்லை.

ரெசிஸ்டரின் குறுக்கே 8.8 வோல்ட் நிற்கிறது. 47 ஓமில் அது 187 மில்லி ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1.65 வாட். கையில் கிடைக்கும் சின்ன ரெசிஸ்டர் பெரும்பாலும் கால் வாட்தான். தாங்கக்கூடியதைப் போல ஆறரை மடங்கு வெப்பம் அதில் இறங்கியிருக்கிறது. கருகாமல் என்ன செய்யும்?

நான் பின்பற்றும் வழக்கம் ஒன்று உண்டு. கணக்கில் வரும் வாட்டுக்கு இரண்டு மடங்காவது தாங்கும் ரெசிஸ்டரைத்தான் போடுவேன். கால் வாட் என்று எழுதியிருந்தால் அதில் 0.12 வாட்டுக்கு மேல் ஏற்ற மாட்டேன். கால் வாட் என்பது நல்ல காற்றோட்டத்தில், குறிப்பிட்ட வெப்பநிலைக்குள் அது தாங்கும் உச்சம். மூடிய மரப்பெட்டிக்குள் அந்தக் காற்றோட்டம் கிடைக்காது.

மீட்டர்முள் எழுதியது:

வாட் பிழை ஒன்று. இன்னும் இரண்டு இருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒன்றை இப்போதே சொல்கிறேன். மற்றதற்கு உங்களிடம் ஒரு கேள்வி.

பல எல்இடிகளைப் பக்க இணைப்பில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் வைக்கக் கூடாது. ஒரே பையிலிருந்து எடுத்த எல்இடிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று 3.0 வோல்ட்டிலேயே நன்றாகக் கடத்தத் தொடங்கும், இன்னொன்றுக்கு 3.2 வேண்டும். பக்க இணைப்பில் எல்லாவற்றின் குறுக்கேயும் ஒரே மின்னழுத்தம்தான் இருக்கும். ஆகவே குறைவாகக் கேட்கும் எல்இடி தன் பங்கைவிட அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். உங்கள் சமையலறை பளிச்சிட்டதற்குக் காரணம் அதுதான்.

அது அங்கேயே நிற்பதில்லை. எல்இடி சூடேறினால் அதன் மின்னழுத்தத் தேவை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அதிகம் இழுப்பது அதிகம் சூடாகும். சூடானது இன்னும் அதிகம் இழுக்கும். அது செத்ததும் அதன் பங்கு மற்ற எட்டின் தலையில் விழும். பிறகு அடுத்தது போகும்.

இப்போது கேள்வி. அந்த அடாப்டர் எடை குறைந்ததா, கையில் தூக்கினால் கனமாக இருக்கிறதா? மல்டிமீட்டர் இருந்தால் அதன் வெளியீட்டை அளந்து எழுதுங்கள். எதையும் இணைக்காமல் ஒருமுறை, ஏதாவது சுமை கொடுத்து ஒருமுறை.

சிக்கனம் எழுதியது:

இவ்வளவு சிரமம் தேவையில்லை. மூன்று மூன்றாகத் தொடரில் இணையுங்கள். மூன்று எல்இடிக்கு 9.6 வோல்ட். மிச்சம் 2.4 வோல்ட். 20 மில்லி ஆம்பியருக்கு 120 ஓம். ரெசிஸ்டரில் வீணாவது 0.05 வாட் கூட இல்லை. கால் வாட் தாராளம். இப்படி மூன்று வரிசைகள். ஒன்பது அறைகளும் முடிந்தன.

12 வோல்ட் எல்இடி பட்டைகளைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று எல்இடிக்கு ஒருமுறை வெட்டும் கோடு போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது இதே ஏற்பாடுதான். அந்தப் பட்டையில் 151 என்று அச்சிட்ட குட்டிச் சில்லு ரெசிஸ்டரைப் பார்க்கலாம். 15-க்குப் பின் ஒரு சுழியம், 150 ஓம் என்று பொருள்.

பொம்மைவீடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. அடாப்டர் நல்ல கனம். உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது போலும். மேலே 12 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது.

அளந்தேன். எதையும் இணைக்காதபோது 15.9 வோல்ட் காட்டுகிறது! மீட்டர் பழுதோ என்று புது பேட்டரி ஒன்றை அளந்து பார்த்தேன், அது சரியாகத்தான் காட்டியது. பழைய பெருக்கியிலிருந்து கழற்றிவைத்த 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று இருந்தது. அதைச் சுமையாக இணைத்தபோது 14.4 வோல்ட்.

12 என்று எழுதிவிட்டு 16 கொடுத்தால் அடாப்டர் கெட்டுவிட்டது என்றுதானே பொருள்?

மீட்டர்முள் எழுதியது:

கெடவில்லை. பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர்களில் பல இப்படித்தான். உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக்கும் அமைப்பு கிடையாது. மேலே எழுதியிருக்கும் மின்னோட்டம் முழுவதையும் இழுக்கும்போதுதான் 12 வோல்ட்டை ஒட்டி வரும். சுமை குறையக் குறைய வோல்ட் ஏறும்.

உங்கள் இரண்டு அளவுகளே போதும். 100 ஓமில் 14.4 வோல்ட் என்றால் 144 மில்லி ஆம்பியர். அதற்கு 1.5 வோல்ட் இறங்கியிருக்கிறது. அப்படியானால் அடாப்டருக்குள்ளேயே ஏறக்குறைய 10 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது உங்கள் முதல் கணக்கை மறுபடி போடுவோம்: (15.9 − 3.2) ÷ (47 + 10) = 0.22 ஆம்பியர். 47 ஓமில் இறங்கிய வெப்பம் 2.3 வாட்டுக்குக் குறையாது. கால் வாட் ரெசிஸ்டருக்கு ஒன்பது மடங்கு. ஒரு நிமிடத்தில் கருகியதன் முழுக் கதை இதுதான்.

சிக்கனம் சொன்ன 120 ஓமை அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். இந்த அடாப்டரில் மூன்று வரிசைகளும் எரியும்போது வரிசைக்கு ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் ஓடும். 20-க்கு வடிவமைத்த எல்இடியில் இரண்டு மடங்கு.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே. ரெசிஸ்டருக்கு எத்தனை வோல்ட் மிச்சம் வைக்கிறோம் என்பதுதான் முழு விஷயமும். 2.4 வோல்ட் மட்டும் மிச்சம் வைத்தால், மின்வழங்கி 2.4 வோல்ட் ஏறியதும் மின்னோட்டம் இரட்டிப்பாகிவிடும். 8.8 வோல்ட் மிச்சம் வைத்திருந்தால் அதே ஏற்றத்துக்கு மின்னோட்டம் கால் பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் கூடும். மின்வழங்கி எவ்வளவு ஆடுமோ, ரெசிஸ்டரின் பங்கு அதைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும்.

காரில் விளக்கு போடுபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். 12 வோல்ட் பேட்டரி என்கிறோம். எஞ்சின் ஓடும்போது அது 14.4 வரை போகும். மேசையில் அழகாக எரிந்த மூன்று எல்இடி வரிசை, வண்டியில் சில வாரங்களில் மங்கிவிடும்.

சிக்கனம் எழுதியது:

அடாப்டர் சீரானது என்று எண்ணிக்கொண்டு எழுதிவிட்டேன். மீட்டர்முள் சொல்வது சரி, 120 வேண்டாம். சீரான 12 வோல்ட் என்றால் மட்டும் என் கணக்கு நிற்கும்.

நான்கு எல்இடியைத் தொடரில் போடலாமா என்று யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். நான்குக்கு 12.8 வோல்ட் வேண்டும். சீரான 12 வோல்ட்டில் மங்கலாக எரியும். அதை நம்பி எதையும் செய்ய முடியாது.

அலைநீளம் எழுதியது:

வெள்ளைக்கு மட்டும் ஏன் 3.2, சிவப்புக்கு ஏன் 2 என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

எல்இடிக்குள் ஓர் எலக்ட்ரான் ஆற்றல் இடைவெளி ஒன்றைத் தாண்டி இறங்கும்போது அந்த ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. சிவப்பு ஒளியின் அலைநீளம் சுமார் 625 நானோமீட்டர். அதன் ஒரு துகளுக்கு 2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். நீலம் 465 நானோமீட்டர் அளவில், அதற்கு 2.7 வரை வேண்டும். அவ்வளவு ஆற்றலைக் கொடுக்க ஏறக்குறைய அவ்வளவு வோல்ட்டாவது எல்இடியின் குறுக்கே இருக்க வேண்டும். அதனால்தான் சிவப்புக்கு 1.8 முதல் 2.2 வோல்ட், நீலத்துக்கு 3.0 முதல் 3.4. வெள்ளை என்பது பெரும்பாலும் நீல எல்இடியின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு பூசியதுதான். ஆகவே அதற்கும் நீலத்தின் வோல்ட்டே.

பச்சையில்தான் கவனம் தேவை. மங்கலான பழைய இளம்பச்சை எல்இடிக்கு 2.1 வோல்ட் போதும். கண்ணைக் கூசவைக்கும் புதிய பச்சை, நீலத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. 3 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் தரவுத்தாளைப் பாருங்கள். அது இல்லையென்றால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து எரியவிட்டு, எல்இடியின் இரு கால்களுக்கிடையே அளந்துவிடுங்கள்.

1962-இல் அமெரிக்கப் பொறியாளர் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்இடியைக் காட்டினார். பளிச்சென்ற நீலம் வர 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நீலத்துக்காகத்தான் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் மகளின் பொம்மை வீட்டில் வெள்ளை வெளிச்சம் வருவதே அந்த நீலத்தால்தான்.

முதல்நிரல் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், இதே பொருள் என்பதால் இங்கேயே கேட்கிறேன். ஆர்டுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையில், மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும் துடிப்பு அகல முறையில் எல்இடியை மங்கவைக்கிறேன். பாதி நேரம்தானே மின்சாரம் போகிறது, ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாக இணைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். இன்னொரு பலகை 3.3 வோல்ட்டில் இயங்குகிறது, அதில் நீல எல்இடி மிக மங்கலாகத் தெரிகிறது. ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் சரியாகுமா?

மீட்டர்முள் எழுதியது:

இரண்டுக்கும் வேண்டாம் என்பதே என் பதில்.

துடிப்பு முறையில் சராசரிதான் குறைகிறது. துடிப்பு உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு கணமும் முழு மின்னோட்டம் ஓடுகிறது. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா 328பி சில்லின் ஒரு முனைக்கு உச்ச வரம்பே 40 மில்லி ஆம்பியர். 20-க்குள் வைத்திருப்பது நல்லது. முனைகள் எல்லாம் சேர்ந்து 200-ஐத் தாண்டவும் கூடாது. ரெசிஸ்டர் இல்லாவிட்டால் அந்தக் கட்டுப்பாட்டைச் சில்லின் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்தான் சுமக்க வேண்டியிருக்கும். இன்றைக்கு எரியும். என்றைக்கு அந்த முனை சாகும் என்று சொல்ல முடியாது.

3.3 வோல்ட்டில் நீலம்: எல்இடிக்கே 3.1 போய்விட்டால் ரெசிஸ்டருக்கு 0.2 வோல்ட்தான் மிச்சம். எல்இடிக்கு எல்இடி இருக்கும் வேறுபாடே அவ்வளவு இருக்கும். எந்த ஓம் போட்டாலும் ஒன்று எரியும், ஒன்று மங்கும். 5 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்து, ஒரு சிறு டிரான்சிஸ்டரை வைத்து 3.3 வோல்ட் முனையால் அதைத் திறந்து மூடுங்கள். சிவப்பு என்றால் 3.3 வோல்ட்டில் கவலையே இல்லை.

நாணய பேட்டரியில் ரெசிஸ்டரே இல்லாமல் எல்இடி எரிகிறதே என்று கேட்பார்கள். அந்த பேட்டரிக்குள் இருக்கும் மின்தடையே அங்கே ரெசிஸ்டரின் வேலையைச் செய்கிறது. வேறு மின்வழங்கியில் அதை முயன்று பார்க்காதீர்கள்.

பொம்மைவீடு எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்குவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்.

ஒரு சிக்கல். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி சுவிட்ச் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். மூன்று அறைகளைத் தொடரில் இணைத்தால் ஒன்றை மட்டும் அணைக்க முடியாதே? இன்னொன்றும் கவனித்தேன். 20 மில்லி ஆம்பியரில் அந்தச் சின்ன அறையில் வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது. பொம்மையின் முகமே தெரியவில்லை.

ஈயப்பற்று எழுதியது:

தொடரில் ஓர் அறையை அணைத்தால் மூன்றும் அணையும். அந்த ஓர் எல்இடியைக் குறுக்கே இணைத்துத் தாண்டவிட்டால் மற்ற இரண்டுக்கும் மின்னோட்டம் ஏறிவிடும். தனி சுவிட்ச் வேண்டுமென்றால் அறைக்கு ஒரு ரெசிஸ்டர்தான். பாப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. வீடு என்றால் அறைக்கு ஒரு சுவிட்ச் இருக்கத்தானே வேண்டும்?

வெளிச்சம் பற்றி: 20 என்பது தாங்கும் அளவு. அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இப்போதைய வெள்ளை எல்இடிகள் 2 மில்லி ஆம்பியரிலேயே நன்றாகத் தெரியும். நம் கண்ணும் மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் பாதியானதாக உணர்வதில்லை; கொஞ்சம் குறைந்ததாகத்தான் தோன்றும். 8 மில்லி ஆம்பியர் வையுங்கள். குறைந்த மின்னோட்டத்தில் எல்இடி நெடுநாள் உழைக்கும்.

உங்கள் அடாப்டரில் 8 மில்லி ஆம்பியருக்கு 1.5 கிலோ ஓம். அதன் வண்ணப் பட்டைகள் பழுப்பு, பச்சை, சிவப்பு. ஒவ்வொன்றிலும் 0.1 வாட். கால் வாட் ரெசிஸ்டர் போதும். ஓர் அறை மட்டும் எரிந்தால் 8.5, ஒன்பதும் எரிந்தால் 8.1. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ரெசிஸ்டர்களைச் சுவரின் உள்ளே புதைக்காமல் வீட்டின் அடிப்பலகைக்குக் கீழே, காற்றுபடும்படி வரிசையாக வையுங்கள். எல்இடிக்கு முன் வைத்தாலும் பின் வைத்தாலும் ஒன்றுதான். தொடரில் இருக்கும் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்.

சிக்கனம் எழுதியது:

இதில் ஒன்று எனக்கு ஏற்கவில்லை. ஒன்பது அறைகளும் எரியும்போது மொத்தம் 1.1 வாட் எடுத்து, அதில் 0.9 வாட்டை ரெசிஸ்டர்களே வெப்பமாக்குகின்றன. ஐந்தில் நான்கு பங்கு வீண். அதுவும் மர வீட்டுக்குக் கீழே.

எல்இடிக்கு 3 வோல்ட் போதும் என்னும்போது 16 வோல்ட்டிலிருந்து ஏன் இறங்கி வர வேண்டும்? கைப்பேசி சார்ஜர் ஒன்று சும்மா இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். சீரான 5 வோல்ட். மிச்சம் 2 வோல்ட். 8 மில்லி ஆம்பியருக்கு 250 ஓம், கிடைப்பது 270. சிவப்பு, ஊதா, பழுப்பு. ஒரு ரெசிஸ்டரில் 0.015 வாட் மட்டுமே. தொட்டால் சூடே தெரியாது. அந்தப் பழைய அடாப்டருக்கு வேறு வேலை கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பவர் பேங்கில் இதை ஓட்ட நினைக்காதீர்கள். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், கைப்பேசி கழற்றப்பட்டுவிட்டது என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

மீட்டர்முள் எழுதியது:

2 வோல்ட்தான் மிச்சம் என்பதால் நான் எதிர்ப்பேன் என்று சிக்கனம் எதிர்பார்த்திருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சார்ஜர் 4.75 முதல் 5.25 வரை ஆடினாலும் மின்னோட்டம் 6.5 முதல் 8.3 மில்லி ஆம்பியர்தான். எல்இடிகள் 2.9 முதல் 3.2 வரை வேறுபட்டாலும் 6.7 முதல் 7.8. இரண்டும் ஒன்றுசேர்ந்து மோசமான பக்கம் போனாலும் 9-ஐத் தாண்டாது. மின்வழங்கி ஆடாது என்பதால் சிறிய மிச்சமே போதுமாகிறது. சிக்கனத்தின் வழியே நல்லது. அதையே செய்யுங்கள், சகோதரி.

ஒரு வாட், மூன்று வாட் எல்இடிகளுக்கு இந்த முறை ஆகாது என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன். 350 மில்லி ஆம்பியரை 12 வோல்ட்டிலிருந்து ரெசிஸ்டரால் கட்டுப்படுத்தினால் எல்இடியில் ஒரு வாட்டும் ரெசிஸ்டரில் மூன்று வாட்டும் செலவாகும். அங்கே மாறா மின்னோட்ட டிரைவர்தான் சரி. வீட்டு மின் இணைப்பில் ரெசிஸ்டரை வைத்து நேரடியாக எல்இடி எரிய வைக்கும் படங்களைப் பார்த்து யாரும் இறங்க வேண்டாம். அந்தச் சுற்றில் எந்த இடத்தைத் தொட்டாலும் உயிருக்கே ஆபத்து. குழந்தை தொடும் பொருளில் அதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

முடித்ததும் ஒவ்வொரு ரெசிஸ்டரின் குறுக்கேயும் வோல்ட் அளந்து 270-ஆல் வகுத்துப் பாருங்கள். கம்பியை வெட்டி மீட்டரை நடுவில் நுழைக்காமலே மின்னோட்டம் தெரிந்துவிடும்.

பொம்மைவீடு எழுதியது:

முடித்துவிட்டேன். சார்ஜர் 5.08 வோல்ட் தருகிறது. ஒன்பது ரெசிஸ்டர்களிலும் அளந்தேன். மிகக் குறைவானது 2.02 வோல்ட், மிக அதிகமானது 2.17. அதாவது 7.5 முதல் 8 மில்லி ஆம்பியர். சமையலறையும் மாடியறையும் இப்போது ஒரே வெளிச்சம். இரண்டு மணி நேரம் எரியவிட்டு அடிப்பலகையைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை.

படுக்கையறைக்கு மட்டும் சிவப்பு இரவு விளக்கு வேண்டும் என்று மகள் புதிதாகக் கேட்டிருக்கிறாள். வெள்ளைக்குப் பக்கத்தில் தனி சுவிட்சுடன் சிவப்பு எல்இடி ஒன்று வைக்கலாம் என்றிருக்கிறேன். சிவப்புக்கு 1.9 வோல்ட், மங்கலாக 4 மில்லி ஆம்பியர். (5.08 − 1.9) ÷ 0.004 = 795. வாட் 0.013. 820 ஓம், சாம்பல், சிவப்பு, பழுப்பு. இந்த முறை சரியாகப் போட்டிருக்கிறேனா?

ஈயப்பற்று எழுதியது:

மிகச் சரி. 820 போட்டால் 3.9 மில்லி ஆம்பியர் வரும். பற்றவைக்கும் முன் எல்இடியின் நீண்ட கால் நேர்முனைப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.